மக்கள் நலமாக வாழ ஒரு நகரம் என்னென்ன செய்யலாம்?

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணங்களை மனத்தில் வைத்தே இந்தக் கேள்விக்குப் பதில் தருகிறேன். என் கருத்தில் முதன்மையானது நடைபாதை. தோட்டத்தில் வாழ்ந்தவரை நம்மவர்கள் பெரட்டுக்கும் (காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடம்) பள்ளிக்கும் கோயிலுக்கும் நடந்தே சென்றார்கள். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தை ஒட்டிப் பந்துத் திடலும் இருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் அடுக்குமாடிகளுக்கும் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளுக்கும் குடிபெயர்ந்த பின்னர், பக்கத்துக் கடைக்குச் செல்லவும் மோட்டார் சைக்கிளே துணையாகிவிட்டது. வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நிழல்மரமும் தெருவிளக்கும் உள்ள பாதை இருந்தால், முதியவர்கள்கூட அதை அன்றாட நடையிலேயே எட்டிவிடுவார்கள்.

இது நம் சமூகத்திற்கு மிக அவசரமான தேவை. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது ஏறத்தாழ 31 விழுக்காடு. அதே ஆண்டு ஜூலையில் இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி வந்தது; ஆயினும் சாலையோர ஒட்டுக்கடையில் கெட்டிப்பால் ஊற்றிக் கலக்கும் தேநீரை அந்த வரி தொடுவதில்லை. கடைகளுக்கு உரிமம் வழங்கும் நகராண்மைக் கழகம், சீனி குறைந்த பானத்தையும் விலைப்பட்டியலில் சேர்க்குமாறு கடைக்காரர்களை ஊக்குவிக்கலாம்.

டிங்கியைத் தடுக்க, நீர் தேங்கும் இடங்களை வாரந்தோறும் துப்புரவு செய்வது இன்றியமையாதது. தமிழ்ப்பள்ளித் திடல்களை மாலையில் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவதற்குப் பெரிய செலவும் ஆகாது. பள்ளி நிர்வாகமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் அதற்கு இசைய வேண்டும்.