மஞ்சள் அரைவை ஆலைக்கு நகைக்கடன்தான் வழியா?

கேள்வி: ஈரோடு மாவட்டத்தில் மூன்று ஏக்கரில் மஞ்சள் பயிரிடுகிறேன். நான்கு ஆண்டுகளாக அக்கம்பக்கத்து விவசாயிகளிடமும் மஞ்சள் வாங்கி, அரைத்து, கடைகளுக்குத் தூளாக விற்கிறேன். ஆண்டுக்கு 30 லட்ச ரூபாய் வரை வியாபாரம் நடக்கிறது, பெரும்பகுதி ரொக்கம். புதிய அரைவை இயந்திரத்துக்கு 8 லட்சமும், அறுவடைக் காலத்தில் சரக்குப் பிடிக்கப் பணமும் தேவை. நகை இருந்தால் உடனே கடன் தருவதாக வங்கி மேலாளர் சொல்கிறார். வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. இயந்திரத்துக்காக நகையை அடகு வைக்க வேண்டாம். ஓராண்டில் தீர்க்க வேண்டிய கடனை, ஐந்தாறு ஆண்டுகளில்தான் தன் விலையைச் சம்பாதித்துத் தரும் இயந்திரத்தில் போட்டால், ஆண்டுதோறும் நகையைத் திருப்பி மறுபடி வைப்பதிலேயே உங்கள் லாபம் கரைந்துவிடும். மேலாளரைப் பொறுத்தவரை நகைக்கடன் அரை மணி நேர வேலை, வாராக்கடன் கவலையும் இல்லை. அவர் அதைப் பரிந்துரைப்பதில் வியப்பில்லை.

உங்கள் உண்மையான தடை அடமானம் அன்று. குறுந்தொழில்களுக்கு 10 லட்ச ரூபாய் வரையிலான கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010ஆம் ஆண்டிலேயே கூறிவிட்டது. அத்தகைய கடன்களுக்கு உத்தரவாதம் தர, குறு, சிறு தொழில்களுக்கான கடன் உத்தரவாத நிதியமும் இருக்கிறது. ஆனால் உங்கள் 30 லட்சத்தில் எவ்வளவு வங்கிக் கணக்கில் தெரிகிறது? ரொக்கத்தில் நடக்கும் வியாபாரம், எவ்வளவு நேர்மையானதாக இருந்தாலும், கடன் பரிசீலிப்பவரின் கண்ணுக்கு இல்லாத வியாபாரமே. ஆகவே தொழிலுக்கென நடப்புக் கணக்கு தொடங்கி, கடைக்காரர்களிடமிருந்து வரும் பணத்தை அதில் வாங்குங்கள். விவசாயிகளுக்கும் அதிலிருந்தே கொடுங்கள். குறு, சிறு தொழில்களுக்கு மத்திய அரசு தரும் கட்டணமில்லாத உத்யம் பதிவையும், உணவுப் பாதுகாப்பு உரிமத்தையும் கையில் வைத்திருங்கள்.

அடுத்து, இரண்டு தேவைகளுக்கும் தனித்தனிக் கடன் கேளுங்கள். இயந்திரத்துக்குத் தவணைக் கடன். மத்திய அரசு 2020இல் தொடங்கிய குறு உணவு பதப்படுத்தும் தொழில் முறைப்படுத்தும் திட்டத்தில் 35 விழுக்காடு, அதிகபட்சம் 10 லட்சம், மானியம் உண்டு. ஈரோட்டுக்கு அத்திட்டம் தேர்ந்தெடுத்த விளைபொருளும் மஞ்சளே. உங்கள் 8 லட்சத்துக்குக் கணக்கிட்டால் மானியம் 2.80 லட்சம், உங்கள் பங்கு குறைந்தது 80,000 ரூபாய். மானியம் கைக்கு வராது. வங்கியில் தனிக் கணக்கில் இருந்து, தவணை ஒழுங்காகக் கட்டியிருந்தால் மூன்று ஆண்டுகளுக்குப் பின் கடனில் கழிக்கப்படும். இப்போது விண்ணப்பங்கள் ஏற்கப்படுகின்றனவா என்பதை மாவட்டத் தொழில் மையத்தில் உறுதிசெய்த பிறகே இயந்திரத்துக்கு முன்பணம் கொடுங்கள்.

சரக்குக்கு ரொக்கக் கடன் வரம்பு கேளுங்கள்; அதாவது, குறிப்பிட்ட தொகை வரை வேண்டியபோது எடுத்துத் திருப்பிக் கட்டும் வசதி. எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் 25 விழுக்காட்டை நடைமுறை மூலதனமாக, அதாவது தொழிலை ஓட்டத் தேவையான பணமாகக் கொண்டு, விற்பனையில் 20 விழுக்காட்டை வங்கியும் மீதி 5 விழுக்காட்டை உரிமையாளரும் தருவது நெடுநாளைய நடைமுறை. 30 லட்சத்தை உங்களால் காட்ட முடிந்தால் வங்கி 6 லட்சம், நீங்கள் 1.50 லட்சம். எடுத்த தொகைக்கு, எடுத்த நாட்களுக்கு மட்டுமே வட்டி என்பதால், சில மாதங்களே பணம் முடங்கும் மஞ்சள் வியாபாரத்துக்கு இது பொருந்தும்.

அறுவடை ஜனவரியில் தொடங்கும் என்பதால், ஆறு மாதக் கணக்கு விவரத்தோடு செப்டம்பருக்குள் விண்ணப்பித்துவிடுங்கள். வாய்மொழியாகக் கேட்டுத் திரும்பாமல், எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெற்று, அதனுடன், மாவட்டத்தின் வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளரை அணுகுங்கள்.