நீலகிரி கூடலூர் குளத்தில் கெண்டை பிடித்த தூண்டில், பங்குனி சித்திரையில் கடலுக்குப் போதுமா?

ராடும் ரீலும் தாராளமாகப் போதும். ஆனால் நேரக் கணக்கு வேறு. குளத்துக்கு விடிகாலை பார்த்துப் போவோம். கடலில் ஏற்றமும் வற்றமும்தான், அதாவது நீர் ஏறுவதும் இறங்குவதும்தான் மணி. அது நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். நீர் ஏறத் தொடங்கியதும் போடுங்கள். தண்ணீர் அசையாமல் நின்றால் டீ குடிக்கப் போகலாம்.

நமக்கு நாடுகாணி மலைப்பாதை வழியாகக் கேரளாவுக்கு இறங்கினால், கோழிக்கோடு பக்கத்துப் பேப்பூர் புலிமுட்டு (கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) வசதி. நம் பாண்டியாற்றுத் தண்ணீர் சாலியாற்றில் சேர்ந்து அங்கேதான் கடலில் விழுகிறது. பங்குனி, சித்திரையில் ஆற்றில் நீர் குறைவதால் உப்பு நீர் முகத்துவாரத்துக்குள் ஏறும். அதோடு கடல் மீனும் உள்ளே வரும்.

தக்கையைக் கழற்றிவிட்டு ஈயக் குண்டு கட்டுங்கள். தூண்டில் முள்ளுக்கு மேலே ஓர் அடிக்குத் தடித்த தங்கூசி (நைலான் நரம்பு) வேண்டும், கல்லில் உரசினால் மெல்லியது அறுந்துவிடும். மைதா உருண்டை அலையில் கரைந்துவிடும். சின்ன இறாலின் ஓட்டை உரித்து, வால் பக்கமிருந்து முள்ளை நுழைத்து, நுனி மட்டும் வெளியே தெரியும்படி விடுங்கள்.

அப்புறம், கெளுத்தி மாட்டினால் வெறும் கையால் பிடிக்காதீர்கள், துடுப்பு முள்ளில் விஷம் உண்டு. வீட்டுக்கு வந்ததும் ரீலை நல்ல தண்ணீரில் மெதுவாக அலசுங்கள். குழாயை வேகமாகத் திறந்துவிட்டால் உப்பு உள்ளே போகும். வைகாசி பாதிக்கு மேல் போக வேண்டாம், அலை கல்மேலேயே ஏறும்.