கடலைக் காதலிப்பதாக எழுதாதீர்கள்

கேள்வி: கடல் உயிரியலில் முதுகலை முடித்து ஒன்றரை ஆண்டாகிறது. 40 இடங்களுக்கு விண்ணப்பித்தும் பதில் இல்லை. டால்பின் ஆராய்ச்சிதான் என் ஆசை. பேசாமல் பிஎச்.டி.யில் சேர்ந்துவிடட்டுமா?

பதில்: வேலை கிடைக்கவில்லையே என்பதற்காகச் சேராதீர்கள். ஐந்தாறு வருடம் கழித்து இதே கடிதத்தை மறுபடி எழுதுவீர்கள். ஏதாவது ஒரு கேள்வி உங்களைத் தூங்கவிடாமல் அரித்தால் அது வேறு கதை.

நீங்கள் இணைத்திருந்த விண்ணப்பத்தைப் படித்தேன். முதல் பத்தி முழுக்கக் கடல்மீது காதல். தேர்வுக் குழுவில் உட்கார்ந்தவன் சொல்கிறேன், வருகிற எல்லா விண்ணப்பமும் கடலைக் காதலிக்கிறது. பத்தாவதைப் படிக்கும்போது கண் சொருகும். ஆனால் கடைசிப் பக்கத்தில், ‘பிளாங்க்டன் (நீரில் மிதக்கும் சிற்றுயிர்) மாதிரிகளை நுண்ணோக்கியில் இனம் பிரித்த அனுபவம் உண்டு’ என்று போகிறபோக்கில் ஒரு வரி இருக்கிறதே, அதைத் தூக்கி முதலில் வையுங்கள். எத்தனை மாதிரி, வலையின் கண்ணளவு என்ன, எதுவரை இனம் பிரித்தீர்கள் என்று எண்ணோடு எழுதுங்கள்.

நுண்ணோக்கியில் பழகிய உங்கள் கண்ணுக்கு வேலை இருக்கிறது. கப்பல்கள் தள்ளாடாமலிருக்க ஓரிடத்தில் ஏற்றி வேறிடத்தில் கொட்டும் நீர்தான் பாலஸ்ட் நீர்; அதோடு உயிரினங்களும் இடம் மாறிவிடும். அதைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம் 2017-இல் நடைமுறைக்கு வந்தது. வெளியேற்றும் நீரில், 50 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள உயிருள்ளவை ஒரு கன மீட்டருக்குப் பத்துக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது அதன் தர அளவு. எண்ணிச் சொல்ல ஆள் வேண்டாமா? ‘கடல் விஞ்ஞானி’ என்று தேடினால் இது சிக்காது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு, நீர்த்தரப் பரிசோதனை, மீன்பிடிக் கப்பல் பார்வையாளர் என்றெல்லாம் தேடுங்கள். டால்பினுக்கும் வழி உண்டு. கடலடியில் நில அதிர்வு ஆய்வு நடக்கும் கப்பல்களில் கடல் பாலூட்டிகளைக் கவனிக்க ஆள் வைப்பார்கள். பெரும்பாலான நாள் வெறும் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இதற்கிடையில் பைத்தானோ ஆர் மொழியோ, தரவை அலச ஒரு கணினி மொழி கற்றுக்கொள்ளுங்கள். பயிற்சிக்குத் தரவும் உண்டு: கடலைத் தானாக அளக்கும் ஆர்கோ மிதவைகள் ஏறக்குறைய 4,000 இருக்கின்றன. பெரும்பாலானவை பத்து நாளுக்கொரு முறை 2,000 மீட்டர் ஆழத்திலிருந்து மேலே வந்து, வெப்பநிலையையும் உப்புத்தன்மையையும் அனுப்புகின்றன. தரவு எல்லோருக்கும் இலவசம். ஒரு மிதவையின் ஓராண்டுத் தரவை வரைபடமாக்கி விண்ணப்பத்தோடு வையுங்கள்.

கப்பலில் வாந்தி வருமா என்று நேர்முகத்தில் கேட்பார்கள். வருமென்றால் வருமென்றே சொல்லுங்கள். எனக்கும் வரும்.