ரிக்‌ஷாவிலிருந்து இறங்கிப்போன மனிதர்

கேள்வி: ஜப்பான் போய் வந்தீர்களே, புல்லட் ரயிலில் ஏறினீர்களா? அந்த ஊரிலும் கைரிக்‌ஷா ஓடுகிறதாமே, உண்மையா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: ‘அந்த ஊரிலும்’ என்கிறீர்கள். ரிக்‌ஷாவுக்குப் பிறந்த வீடே அந்த ஊர்தான். 1870 வாக்கில் டோக்கியோவில் ஓடத் தொடங்கியது. அங்கே அதன் பெயர் ஜின்ரிகிஷா. ஜின் என்றால் மனிதர், ரிகி என்றால் பலம், ஷா என்றால் வண்டி. கடல் தாண்டி நம்மிடம் வந்தபோது பலமும் வண்டியும் வந்து சேர்ந்தன. முன்னால் இருந்த மனிதரைக் காணோம்.

அப்புறம் மோட்டார் வந்து ஆட்டோ ரிக்‌ஷா ஆயிற்று. இன்று ரிக்‌ஷாவும் உதிர்ந்து வெறும் ஆட்டோ. தெருமுனையில் நின்று “ஆட்டோ!” என்று கூப்பிடுகிறோம். திரும்பிப் பார்ப்பவர் ஒரு மனிதர். போதாததற்கு, தமிழ்ப்படுத்துகிறோம் என்று ‘தானி’ என ஒரு சொல்லைக் கொண்டுவந்தார்கள். அந்த அன்பர்களோடு எனக்குப் பழைய வழக்கு. நான் இன்னும் வாபஸ் வாங்கவில்லை. கிளட்ச் பிடித்துப் பிடித்து இடது உள்ளங்கை காய்த்துப்போன ஒருவர் ஓட்டுகிற வண்டி, எப்படி ஐயா தானாக ஓடும்?

புறநானூற்றில் ‘வலவன் ஏவா வான ஊர்தி’ என்று வருகிறது. வலவன் என்றால் ஓட்டுநர். ஓட்டுநர் இல்லாத வண்டி என்றால் அது வானுலகத்து வண்டி என்பது அந்தப் புலவரின் கணக்கு. டோக்கியோவில் அதைத் தரையிலேயே பார்த்தேன். ஷிம்பாஷியிலிருந்து கிளம்பும் யூரிகாமோமே ரயிலில் 1995 முதலே ஓட்டுநர் கிடையாது. முன் கண்ணாடியை ஒட்டிய இருக்கையில் குழந்தைகள் உட்கார்ந்துகொள்கிறார்கள். ‘தானி’ என்ற பெயரை அதற்குக் கொடுங்கள், தாராளமாக.

கைரிக்‌ஷாவை அசகுசாவில் பார்த்தேன், கோயில் வாசலில் பெரிய சிவப்பு விளக்கு தொங்குகிற இடத்தில். சுற்றுலாப் பயணிகளுக்காக ஓடுகிறது. இழுக்கிறவர்கள் ஓட்டப்பந்தய வீரர்கள் மாதிரி இளைஞர்கள், பெண்களும் உண்டு. கட்டைவிரல் தனியாகப் பிரிந்த துணிக்காலணி. ஒரு பெண் சின்ன முக்காலியைக் கீழே வைத்து, ஒரு பாட்டியைக் கைபிடித்து ஏற்றி, முழங்காலில் சிவப்புப் போர்வையைப் போர்த்தி, தன் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் வண்டியைத் தூக்கினாள். நான் ஏறவில்லை. மதராஸில், தார் இளகும் வெயிலில், வெறுங்காலோடு இழுத்தவர்களைச் சின்ன வயதில் பார்த்தவன் நான். 1973-ல் கருணாநிதி அரசு கைரிக்‌ஷாவை ஒழித்து, இழுத்தவர்களுக்கு சைக்கிள் ரிக்‌ஷா கொடுத்தது. அந்த ஒரு காரியத்துக்காக அந்த அரசை எத்தனை முறை வேண்டுமானாலும் பாராட்டுவேன்.

சரி, புல்லட் ரயில். ஏறினேன். 1964-ல் ஒலிம்பிக்ஸுக்குச் சில நாள் முன்பு தொடங்கிய அதே தடம். டோக்கியோவிலிருந்து ஒசாகாவுக்கு இன்று இரண்டரை மணி நேரம். வேகம் உள்ளே தெரிவதே இல்லை. கண்டக்டர் எங்கள் பெட்டியைக் கடந்து போனார். கதவருகே திரும்பி நின்று, எல்லோரையும் பார்த்துக் குனிந்து வணங்கிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனார். பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.