அழிக்கச் சொன்ன ஸ்கிரிப்ட் ‘0 வரிசைகள்’ என்று கைவிரிப்பது ஏன்?

தரவுத்தளத்தில் சிதைந்த பதிவுகளை நீக்கும் ஸ்கிரிப்ட் (கட்டளைத் தொகுப்பு) பிழை காட்டாமல் ஓடி முடிகிறது, ஒரு வரிசையும் நீங்கவில்லை என்றால் நான் முதலில் சந்தேகிப்பது ‘நல்’ (NULL) என்பதைத்தான். பெயரில்தான் நல், தரவுத்தளத்தில் அதற்கு ‘மதிப்பே தெரியாது’ என்று பொருள்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் எங்கள் கோயிலின் காவடிப் பதிவேட்டைக் கணினியில் ஏற்றும்போது மின்வெட்டு வந்தது. 43 பேருக்குப் பெயர் ஏறியது, தொலைபேசி எண் ஏறவில்லை. ‘எண் = நல்’ என்ற நிபந்தனையோடு அழிக்கச் சொன்னேன். பதில்: 0 வரிசைகள்.

உண்டியலில் ஒட்டிய இரண்டு கவர்கள் கிடக்கின்றன. இரண்டிலும் ஒரே தொகையா? பிரிக்காமல் ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. தரவுத்தளத்துக்குக் கட்டளையிடும் மொழியான எஸ்கியூஎல்லும் (SQL) இப்படித்தான்: நல்லை எதனோடு ஒப்பிட்டாலும், இன்னொரு நல்லோடு ஒப்பிட்டாலும், விடை ‘தெரியாது’. அழிக்கும் கட்டளையோ ‘உண்மை’ என்று உறுதியான வரிசைகளை மட்டுமே தொடும். ‘சமமல்ல’ என்று திருப்பி எழுதினாலும் இதே கதைதான்.

சமக்குறியை எடுத்துவிட்டு ‘இஸ் நல்’ (IS NULL) என்று எழுதுங்கள். அதற்கு முன் அதே நிபந்தனையைத் தேடும் கட்டளையில் போட்டு, வரும் வரிசைகளைக் கண்ணால் பாருங்கள். நான் 43-ஐயும் ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகே அழித்தேன்.

நல்லும் வெற்றுச் சரமும் (ஓர் எழுத்தும் இல்லாத உரை) ஒன்றே என்று பலர் நினைக்கிறார்கள். தரவுத்தள மென்பொருள்களில் ஆரக்கிள் அப்படி நடத்துகிறது, மைஎஸ்கியூஎல்லிலும் போஸ்ட்கிரெஸ்ஸிலும் அவை வேறு வேறு.