கோர்ட் கிட்டார்: கம்பெனியை மூடிவிட்டார்களா?

கேள்வி: ப்ளஸ் ஒன் படிக்கும் மகளுக்கு கிட்டார் வாங்க வேண்டும். 12,000 ரூபாய்க்கு மேல் முடியாது. வகுப்பு எடுக்கும் மாஸ்டர் 'கோர்ட் ஏடி810' வாங்கச் சொல்கிறார். பாரிமுனையில் ஒரு கடையில் கேட்டால், "அந்தக் கம்பெனியை மூடி எத்தனையோ வருஷமாச்சு, இப்போ வர்றதெல்லாம் வேற யாரோ பேரை மட்டும் போட்டு விக்கிறது" என்கிறார்கள். இன்னொரு கடையிலோ, "ஐபனீஸ், ஃபெண்டர் எல்லாமே இவங்க ஃபேக்டரியில்தான் தயாராகுது, கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க" என்கிறார்கள். யாரை நம்புவது? (அம்பத்தூர் வாசகி)

இரண்டு கடைக்காரர்களுமே பாதி உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். யாருக்கு எந்தப் பாதியில் லாபமோ அந்தப் பாதி.

முதலில் உங்கள் பயத்தை எடுத்துவிடுகிறேன். கம்பெனி மூடவில்லை. கோர்ட் என்பது கொரியாவின் கோர்டெக் நிறுவனத்தின் பிராண்ட். 1973ல் கிட்டார் செய்ய ஆரம்பித்தார்கள். பேரை விற்றுவிட்டுப் போன கம்பெனி அல்ல. மூடியது அவர்களுடைய கொரியத் தொழிற்சாலைகளை. 2007, 2008ல் இஞ்சியோனில் இருந்த எலெக்ட்ரிக் கிட்டார் பிரிவையும், தேஜோனில் இருந்த அக்கூஸ்டிக் (கரண்ட் இல்லாமல் வாசிக்கும் மரக் கிட்டார்) பிரிவையும் நிறுத்தி, வேலையை இந்தோனேசியாவுக்கும் சீனாவுக்கும் கொண்டுபோய்விட்டார்கள். அங்கே கூலி குறைவு, வேறு ரகசியம் ஒன்றும் இல்லை. பாரிமுனைக் கடைக்காரர் காதில் அந்தச் செய்தியின் வால் மட்டும் விழுந்திருக்கிறது.

அதன் தலையையும் சொல்லிவிடுகிறேன், கம்பெனிக்கு நல்ல பேர்தானா என்றும் நீங்கள் யோசிப்பீர்கள் அல்லவா. வேலை போன தொழிலாளர்கள் சும்மா வீட்டுக்குப் போகவில்லை. வழக்கு, தர்ணா, உண்ணாவிரதம் என்று பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் போராடினார்கள். 2019 ஏப்ரலில்தான் ஒரு உடன்பாடு வந்தது. கோர்ட் பேரைக் கேட்டாலே நமக்கு ஹைகோர்ட் ஞாபகம் வரும். அவர்கள் நிஜமாகவே கோர்ட் வாசலில் கிடந்தார்கள். எத்தனையோ வருஷம் கிட்டார் செய்த அந்தத் தொழிலாளர்களில் சிலர் வேலை போன பிறகு வாசிக்கக் கற்றுக்கொண்டு, பேண்ட் சேர்த்து, போராட்ட மேடையில் பாடினார்கள். அந்தக் கதை பிடிக்காமல் 'இந்தப் பிராண்ட் வேண்டாம்' என்று யாராவது சொன்னால் நான் மறுத்துப் பேச மாட்டேன். ஆனால் கிட்டார் நன்றாக இருக்குமா என்பது வேறு கேள்வி. பழுதுபார்க்க என் மேஜைக்கு வரும் கோர்ட்களைப் பார்த்தவரை, அந்த விலைக்கு ஒழுங்கான வேலைப்பாடு.

அப்புறம், "ஐபனீஸும் இவங்கதான்" என்ற பாதி. கோர்டெக் வேறு பிராண்ட்களுக்கும் செய்து கொடுக்கிறது என்பது உண்மைதான். ஐபனீஸ் என்பது ஜப்பானின் நகோயாவில் உள்ள ஹோஷினோ கம்பெனியின் பிராண்ட். கிட்டார்களில் பலவற்றை வெளியே கொடுத்துத்தான் செய்து வாங்குகிறார்கள். பிஆர்எஸ் என்ற அமெரிக்கக் கம்பெனியின் எஸ்இ வரிசை எலெக்ட்ரிக்குகளும் இந்தோனேசியாவின் சுரபாயாவில் உள்ள கோர்ட் ஃபேக்டரியில் தயாராகின்றன. சரி, அதனால் உங்கள் கைக்கு வருவது பிஆர்எஸ் ஆகிவிடுமா? திருப்பூரில் ஒரே கம்பெனி வெளிநாட்டு பிராண்டுக்கும் பனியன் தைக்கும், நம் ஊர்ச் சந்தைக்கும் தைக்கும். துணி வேறு, நூல் வேறு, ஆர்டர் கொடுத்தவன் கேட்ட தரம் வேறு. ஏடி810க்கு என்ன விலையோ அந்த விலைக்கான மரமும் நேரமும்தான் அதற்குள் போயிருக்கும். 'ஒரே ஃபேக்டரி' என்று எந்தக் கடைக்காரராவது ஆரம்பித்தால் நான் பர்ஸை உள்ளே வைத்துவிடுவேன்.

முதலாளி யார் என்பது உங்கள் விஷயத்தில் அவ்வளவு பெரிய கேள்வியே இல்லை. எபிஃபோன் என்ற கிட்டார் பிராண்டை 1957லேயே ஜிப்சன் என்ற இன்னொரு அமெரிக்கக் கிட்டார் கம்பெனியின் தாய் நிறுவனம் வாங்கிவிட்டது. அந்த ஜிப்சனே 2018ல் திவால் மனு போட்டது. அதற்கு முன் வாங்கிய எபிஃபோன் எதுவும் மறுநாள் சுருதி தப்பவில்லை.

சுருதியும் விரலும் தப்புவது வேறு இடத்தில். ஸ்ட்ரிங்குக்கும் ஃப்ரெட்டுக்கும் (நெக், அதாவது கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பி) நடுவே உள்ள உயரத்தை 'ஆக்‌ஷன்' என்போம். புதுக் கிட்டார் பெட்டியிலிருந்து வரும்போது இது பெரும்பாலும் அதிகமாகத்தான் இருக்கும். கடைக்காரர் சரிசெய்யாமல் அப்படியே சுவரில் மாட்டிவிடுவார். பிள்ளை பத்து நாள் அழுத்திப் பார்த்து, விரல் எரிந்து, 'எனக்கு வராது'ன்னு மூலையில் வைத்துவிடும். இப்படி மூலைக்குப் போன கிட்டார்கள்தான் என்னிடம் அதிகம் வருகின்றன. போன மாதம்கூட ஒன்று. அலன் கீ போட்டு நெக்கை நிமிர்த்தி, ஸ்ட்ரிங் உட்காரும் 'சேடில்' பட்டையைத் தேய்த்து இறக்கினேன். முக்கால் மணி நேர வேலை. ஆறு மாதமாகத் தொடாத பையன் என் கடையிலேயே உட்கார்ந்து அரைமணி நேரம் வாசித்தான்.

கடையிலேயே இதைப் பார்த்துவிடலாம், கருவி எதுவும் வேண்டாம். பர்ஸில் இருக்கும் ஏடிஎம் கார்டு போதும். ஒரு கார்டின் கனம் முக்கால் மில்லிமீட்டர் சொச்சம். மூன்று கார்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து (எழுத்து புடைத்திருக்கும் பக்கம் வேண்டாம்), பன்னிரண்டாவது ஃப்ரெட்டில், மிகத் தடியான ஸ்ட்ரிங்குக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே நுழையுங்கள். லேசாக உரசிக்கொண்டு நுழைந்தால் சரி. நான்காவது கார்டும் தாராளமாகப் போனால், "இறக்கிக் கொடுத்தால்தான் பில்" என்று சொல்லுங்கள். அடுத்து, பிரிட்ஜின் (ஸ்ட்ரிங்குகளைப் பிடித்துக்கொண்டு மேல்பலகையில் ஒட்டியிருக்கும் கட்டை) பின்பக்க ஓரத்தில் ஒரு பில் தாளைச் செருகிப் பாருங்கள். உள்ளே போனால் பசை விடுகிறது என்று அர்த்தம். அந்தக் கிட்டாரைத் தொடாதீர்கள்.

ஏடி810ன் மேல்பலகை லாமினேட், அதாவது ஒட்டுப்பலகை. 'சாலிட் டாப்' என்ற ஒற்றை மரப்பலகைதான் ஒசத்தி என்று உங்களிடம் யாராவது சொல்வார்கள். சத்தத்துக்கு ஒசத்திதான். ஆனால் நம் ஊருக்கு, முதல் கிட்டாருக்கு, ஒட்டுப்பலகையே போதும். கிட்டார் செய்யும் இடங்களில் காற்றின் ஈரப்பதத்தை 45-50 சதவீதத்தில் வைத்திருப்பார்கள். சென்னைக் காற்று வருஷத்தில் பெரும்பாலான நாள் அதைவிட ஈரம். ஐப்பசி, கார்த்திகையில் கேட்கவே வேண்டாம். ஒற்றைப் பலகை அந்த ஈரத்தைக் குடித்து வயிறு உப்பும். பிரிட்ஜ் மேலே எழும், ஆக்‌ஷனும் ஏறும். ஒட்டுப்பலகையில் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக இருப்பதால் அவ்வளவு ஆடாது.

இதற்கு ஒரு விலக்கு உண்டு, சொல்லாவிட்டால் யாராவது சண்டைக்கு வருவார்கள். வீட்டில் ஏசி அறை இருந்து, கிட்டார் எப்போதும் அங்கேயே பெட்டிக்குள் இருக்கும் என்றால் சாலிட் டாப் வாங்கலாம். கோர்ட்டிலேயே எர்த் வரிசையில் கிடைக்கும். ஆனால் 'ஏசி அறை' என்றால் ராத்திரி மட்டும் ஏசி ஓடும் அறை இல்லை. ராத்திரி காய்ந்து, பகலில் நனைந்து, மறுபடி காய்ந்து என்று தினமும் ஆடுவது நாள் முழுக்க ஈரத்தில் கிடப்பதைவிட மோசம். பெட்டி என்றால் துணிப்பை இல்லை, கெட்டியான பெட்டி. உள்ளே ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று. அந்த மீட்டரை வாரத்துக்கு ஒரு தரமாவது பார்க்கும் ஆள் ஒருவர். இவ்வளவும் இருந்தால் சாலிட் டாப்; ஒன்று குறைந்தாலும் ஒட்டுப்பலகை. எந்தக் கிட்டாராக இருந்தாலும், மே மாத வெயிலில் மூடிய காருக்குள் வைத்துவிட்டுப் பீச்சில் உட்காராதீர்கள். பசை இளகும்.

இனி மாஸ்டர் விஷயம். மாடல் சொல்வது தப்பில்லை. மாடலோடு கடை பேரையும் சொன்னால்தான் நிதானிக்க வேண்டும். 'என் பேரைச் சொல்லுங்க' என்று சொன்னால் கமிஷன் உறுதி. அது உங்கள் 12,000க்குள் எங்கோ ஒளிந்திருக்கும். ஒரு மாஸ்டர் என்னிடமே வந்து, செட்டப்புக்கு அனுப்பும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இவ்வளவு என்று பேரம் பேசியிருக்கிறார். பை, கேப்போ (நெக்கில் மாட்டும் கிளிப்), ஸ்ட்ராப், டியூனர் எல்லாம் 'ஃப்ரீ' என்றால் அவையெல்லாம் இல்லாமல் என்ன விலை என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் வராது.

பெட்டியைக் கேளுங்கள். இறக்குமதிச் சரக்கின் பெட்டியில் இறக்குமதியாளர் பேர், முகவரி, எந்த நாட்டில் செய்தது, எம்ஆர்பி, மாதம், வருஷம் இருக்க வேண்டும். எடையளவுச் சட்ட விதியே அப்படித்தான். ஆனால் கிட்டார் சுவரில் தொங்கும், பெட்டி குடோனில் இருக்கும், ஸ்டிக்கர் எங்கே இருக்கும் என்பது யாருக்கும் தெரியாது. அதிகாரிகள் ஒரு நாள் கடைத்தெருவில் நடந்தாலே பாதிப் பிரச்சினை தீரும். நடப்பதில்லை; நீங்கள்தான் நடந்துபோய்க் கேட்க வேண்டும். அச்சடித்த பில் இல்லாமல் வாங்காதீர்கள். 'பில் இல்லாமன்னா ஐந்நூறு கம்மி' என்பதில் ஏமாந்தால் வாரண்டி பேப்பர் குப்பைதான். பில் இருந்தாலும் ஈரத்தால் வந்த கோளாறை வாரண்டியில் சேர்க்க மாட்டார்கள், அது சிறிய எழுத்தில் இருக்கும். பில் வைத்திருந்தும் கடை கைவிரித்தால் நுகர்வோர் உதவி எண் 1915.

ஏடி810 வாங்கலாம். ஒரே மாடலில் மூன்றை இறக்கச் சொல்லி, மூன்றிலும் கார்டு போட்டுப் பார்த்து ஒன்றை எடுங்கள். "இன்னைக்கு ஆள் இல்ல, நாளைக்கு ஆக்‌ஷன் இறக்கி வைக்கிறேன்" என்று சொன்னால், பணத்தையும் நாளைக்கே கொடுங்கள்.