வயதுக்கு வந்த மகள் விளையாடப் போக மறுக்கிறாள்

கேள்வி: மகளுக்கு 13 வயது, எட்டாம் வகுப்பு. போன வருடம் வரை தெருவில் ஷட்டில், ஸ்கிப்பிங் என்று ஓடிக்கொண்டே இருப்பாள். வயதுக்கு வந்த பிறகு எல்லாம் நின்றுவிட்டது. பள்ளி, டியூஷன் போக மீதி நேரம் செல்போன்தான். வெளியே போகச் சொன்னால் “டயர்டா இருக்கு” என்கிறாள். பெண்பிள்ளை இனிமேல் குதிக்கக் கூடாது என்கிறார் மாமியார். என்ன செய்யலாம்?

பதில்: அந்த “டயர்டா இருக்கு”வைச் சோம்பேறித்தனம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மாதவிடாயில் ரத்தம் போகிறது. அதே வயதில் வளரும் உடம்புக்கும் இரும்புச்சத்து அதிகம் தேவை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. மாடி ஏறினாலே மூச்சு வாங்கும் பிள்ளையை ஓடச் சொல்லி என்ன பயன்? முதலில் ஹீமோகுளோபின் பாருங்கள். இவள் வயதில் 12 கிராமுக்குக் குறைந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பள்ளியில் வாரம் ஒருமுறை இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால், அதை விழுங்குகிறாளா, பையிலேயே போட்டு வைக்கிறாளா என்றும் கேளுங்கள். சாப்பாட்டோடு டீ, காபி வேண்டாம். இரும்புச்சத்து உடம்பில் சேர விடாது.

மாமியாரின் பயத்துக்கு ஆதாரம் இல்லை. குதிப்பதால் கர்ப்பப்பைக்கு ஒன்றும் ஆகாது. சொல்லப்போனால் எலும்பு வேகமாகக் கெட்டிப்படுவது இந்த வருடங்களில்தான்; அதற்கு உதவுவது ஓட்டமும் குதிப்பும்தான். மாதவிடாய் நாட்களிலும், வலி இல்லையென்றால், தாராளமாக விளையாடலாம்.

ரத்தம் சரியாக இருந்தும் போக மறுத்தால் பெரும்பாலும் கூச்சம்தான் காரணமாக இருக்கும். கறை பட்டுவிடுமோ, ஓடினால் யாராவது உற்றுப் பார்ப்பார்களோ என்ற கவலையைப் பிள்ளைகள் தாங்களாக வாய்விட்டுச் சொல்வதில்லை. நீங்களே பேச்செடுங்கள். உடம்பைப் பிடித்து நிறுத்தும் ஸ்போர்ட்ஸ் பிராவும், அடர்நிற டிராக் பேன்ட்டும் வாங்கிக் கொடுங்கள். பத்து அறிவுரையை விட இது வேலை செய்யும். எடையைப் பற்றி மட்டும் பேசவே வேண்டாம். அந்தப் பேச்சு வந்தால் விளையாட்டு தண்டனையாகிவிடும்.

எவ்வளவு நேரம்? 5 முதல் 17 வயது வரை சராசரியாகத் தினமும் 60 நிமிடம், மிதமான வேகத்திலாவது உடம்பு அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே மூச்சில் வேண்டியதில்லை. டியூஷனுக்கு வேகமாக நடந்தோ சைக்கிளிலோ போனால் அதுவும் கணக்கில் சேரும். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான வேகம். வாரத்தில் மூன்று நாளாவது நன்றாக மூச்சு வாங்க ஓடவோ குதிக்கவோ வேண்டும். தெரு சங்கடம் என்றால் மொட்டை மாடியில் ஸ்கிப்பிங் போதும். ஆனால் தனியாக விட்டால் நான்கு நாள் தாண்டாது. இந்த வயதில் விளையாட்டை விட கூட்டாளிதான் முக்கியம். தோழி ஒருத்தியின் அம்மாவிடம் பேசி இருவரையும் சேர்த்து விடுங்கள். தேர்வு வருகிறது என்று பி.டி. வகுப்பைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொண்டால், பெற்றோர் கூட்டத்தில் தயங்காமல் கேளுங்கள்.

ஓடும்போது மயக்கமோ நெஞ்சுவலியோ வந்திருந்தால் மட்டும் எதையும் தொடங்காமல் முதலில் மருத்துவரைப் பாருங்கள். வீசிங் இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மருந்தை ஒழுங்காக எடுத்தால் வீசிங் உள்ள பிள்ளைகளும் நன்றாக விளையாடலாம்.